தொம் என்றால் கொசுறு

சூவோன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். ஒரு மாதத்துக்காவது அடுப்புப் பக்கம் போகவிடாதே.

உல்சான் மாற்றல் உறுதியாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அன்று முழுக்க எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணமாகி ஆளுக்கொரு திசையாகப் போன நாம் இத்தனை வருஷம் கழித்து ஒரே நாட்டில், இந்தக் கொரியாவில், இருக்கப்போகிறோம். இங்கிருந்து உல்சான் பக்கத்தில் இல்லைதான். ஆனால் காலையில் ரயிலேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டில் இருப்பேன்.

கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது மனசை என்னவோ செய்தது. "சோறு பொங்கிக்கொள்வேன், குழம்பு வைத்துக்கொள்வேன். ஆனால் கடைக்குப் போய் வாயைத் திறந்து என்னவென்று கேட்பேன் வடிவு? அங்கே இங்கிலீஷும் ஓடாதாமே." ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதே பயம்தான். வந்த முதல் வாரம் மார்ட்டுக்குப் போய், நெற்கதிர் படம் போட்ட ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குக்கரைத் திறந்தால் சோறு பசை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. தண்ணீர் கூடிவிட்டது போல என்று மறுநாள் குறைத்து வைத்தேன். அப்போதும் அதே பசை. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பத்து நாள் கழித்து மாடி வீட்டு அம்மா பையைப் பார்த்துவிட்டுச் சொன்னார், அது 'சப்ஸ்ஸல்'. இவர்கள் பண்டிகைப் பலகாரத்துக்கு இடிக்கிற ஒட்டரிசி. நாம் பொங்கித் தின்கிற அரிசிக்கு வெறும் 'ஸ்ஸல்'. முன்னால் ஒரு 'சப்' இருந்தால் ஒட்டும். அந்த ஓரெழுத்து தெரியாததால் பத்து நாள் சோறு போயிற்று. உனக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

முதல் காரியம், எழுத்தைப் படி. பேச்சு அப்புறம் வரட்டும். செஜொங் என்ற அரசர் 1443-ல் உருவாக்கி 1446-ல் நாட்டுக்கு அறிவித்த எழுத்து இது. இப்போது அடிப்படை மெய் 14, உயிர் 10, அவ்வளவுதான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக உட்காரும். நம் உயிர்மெய் மாதிரியேதான், கீழே இன்னொரு மெய்யும் ஒட்டிக்கொள்ளலாம். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்களுக்கு இது விநோதமாகப் படும். அரிச்சுவடியில் க, கா, கி, கீ சொல்லி வளர்ந்தவளுக்கு ஒரு வாரம் போதும்.

ஒலியிலும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை இங்கே வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். நாம் 'க' என்று ஒரே எழுத்தைப் போட்டுவிட்டு, 'கல்' என்றால் வன்மையாகவும் 'தங்கம்' என்றால் மென்மையாகவும் தானாகவே சொல்கிறோமே, இவர்களும் அப்படித்தான். சொல்லின் முதலில் வன்மை, நடுவில் வந்தால் மென்மை. இறைச்சிக்கு 'கோகி' என்று பெயர். தமிழில் எழுதி நம் வாயால் படித்தாலே கடைக்காரருக்குப் புரிந்துவிடும். சோயாக் கட்டிக்கு 'துபு', அதையும் நம் வழக்கப்படியே படி. ஒற்று போட்டு அழுத்துகிற ஒலியும் இவர்களுக்கு உண்டு. 'காஜி' என்றால் கத்தரிக்காய், அதையே அழுத்தி 'க்காஜி' என்றால் 'வரை' என்று அர்த்தம். பால் பாக்கெட்டில் தேதிக்குப் பின்னால் அந்தக் 'க்காஜி' இருக்கும், 'இந்தத் தேதி வரை' என்று. தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போடுவார்கள், திருப்பிப் படித்து ஏமாந்துவிடாதே. 'ஸோபிகிஹன்' என்பது எதுவரை சாப்பிடலாம் என்ற தேதி. 2023-லிருந்து பெரும்பாலான பொருள்களில் பழைய விற்பனைத் தேதிக்குப் பதிலாக இதைத்தான் போடுகிறார்கள்.

இனி பேச்சு. நீ ஒரே ஒரு சொல்லோடு விமானம் ஏறினாலும் போதும். அது 'ஜுஸெயோ'. குடுங்க. தண்ணீர் 'முல்'. முல் ஜுஸெயோ, தண்ணி குடுங்க. 'இகோ' இது. இகோ ஜுஸெயோ, இதக் குடுங்க. பார்த்தாயா, சொல்லுக்குச் சொல் நம் வரிசைதான், வினை கடைசியில். இங்கிலீஷில் யோசித்துவிட்டுக் கொரிய மொழியில் சொல்லப் பார்த்த நாள் வரைக்கும் எனக்கு நாக்குப் புரளவில்லை. தமிழில் யோசிக்க ஆரம்பித்ததும் வாக்கியம் தானாக அடுக்கிக்கொண்டது. அந்த 'யோ' இருக்கிறதே, அது நம் 'ங்க'. அதை விட்டால் மரியாதைக் குறைவு. அம்மா, அப்பா என்று இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி இருப்பதை வைத்து உறவு கொண்டாடுகிறவர்கள் உண்டு. மொழியியல் படித்தவர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. உறவு இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், சந்தையில் நிற்கிறவளுக்கு வாக்கியம் ஒரே மாதிரி அடுக்கினாலே பெரிய உதவி.

'ஒல்மாயெயோ?' எவ்வளவுங்க? அந்த முதல் 'ஒ'வை உதட்டைக் குவிக்காமல் சொல், அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் வரும். 'ஒதி இஸ்ஸொயோ?' எங்க இருக்கு? முன்னால் பொருளின் பெயரைப் போட்டால் போதும், 'ஸோகும் ஒதி இஸ்ஸொயோ?' உப்பு எங்க இருக்கு? பதிலுக்கு 'ஒப்ஸொயோ' என்று வந்தால் இல்லை என்று அர்த்தம்.

விலை கேட்டுவிட்டால் பதில் புரிய வேண்டுமே. எண் இவர்களுக்கு இரண்டு வகை. காசுக்குச் சீனத்திலிருந்து வந்த எண்கள்: இல், இ, ஸம், ஸ, ஓ, யுக், சில், பல், கு, ஸிப். நூறு 'பெக்', ஆயிரம் 'சொன்', பத்தாயிரம் 'மன்'. 3,500 வோன் என்றால் 'ஸம்சொன் ஓபெக்'. இந்த 'மன்'தான் முதலில் குழப்பும். பத்தாயிரத்தை ஒரு தனி அலகாக வைத்து எண்ணுவார்கள், பத்து மன் நம் ஒரு லட்சம். லட்சத்தில் எண்ணிப் பழகிய உனக்கு அது சீக்கிரம் பிடிபடும். ஆனால் பொருளை எண்ணும்போது சொந்த எண்கள் வரும். ஒன்று 'ஹன் கெ', இரண்டு 'து கெ', மூன்று 'ஸெ கெ'. மாற்றிச் சொன்னாலும் கடைக்காரருக்குப் புரியும், கவலைப்படாதே. இருந்தாலும் விரலையும் காட்டிவிடு.

காய்கறிப் பெயர்களில் எனக்கு ஒன்று ரொம்பப் பிடிக்கும். தாளோடு நீளமாக இருக்கிற வெங்காயம் 'பா'. நாம் சாம்பாரில் போடுகிற பெரிய வெங்காயம் 'யாங்பா'. கிம்ச்சி, அதாவது இவர்கள் ஊறுகாய், போடுகிற நீள முட்டைக்கோஸ் 'பேச்சு', ஆமாம், நம் பேச்சேதான், மறக்கவே மறக்காது. நம் ஊர் உருண்டைக் கோஸ் 'யாங்பேச்சு'. இந்த 'யாங்' என்பது கடல் கடந்து மேற்கிலிருந்து வந்தது என்று காட்டுகிற அடைமொழி. நம் ஊரில் சீமைக் கத்தரிக்காய், சீமையெண்ணெய் என்று ஆச்சி சொல்வாளே, அந்தச் 'சீமை'தான். ஆனால் இறைச்சிக் கடையில் 'யாங்கோகி' என்று பார்த்தால் சீமைக் கறி என்று நினைத்துவிடாதே, அங்கே 'யாங்' வேறு சொல், ஆடு. ஆட்டுக்கறி சாதாரணக் கடையில் அபூர்வம்தான்.

இஞ்சி 'ஸெங்காங்', பூண்டு 'மானுல்', மிளகாய் 'கோச்சு'. மிளகாயில் கவனம். சும்மா 'கோச்சு' என்று கேட்டால் வெள்ளரிக்காய் மாதிரிக் கடிக்கிற மிளகாயைக் கொடுத்துவிடுவார்கள். காரம் வேண்டுமென்றால் 'சொங்யாங் கோச்சு' என்று கேள். கொத்தமல்லித் தழை 'கோஸு', எல்லாக் கடையிலும் இருக்காது. கறிவேப்பிலை மார்ட்டில் கிடையவே கிடையாது. அதற்குத் தலைநகர் ஸோலில் இத்தேவோன் மசூதிப் பக்கமோ, ஆன்ஸானில் வெளிநாட்டவர் கடைத் தெருவுக்கோதான் போகவேண்டும். நான் மாதம் ஒரு தடவை போய் வாங்கி ஃப்ரீசரில் போட்டுக்கொள்கிறேன், உனக்கும் பார்சல் அனுப்புகிறேன்.

பாசிப்பயறுக்கு 'நோக்த்து', தோல் நீக்கிய பாசிப்பருப்புக்கு 'க்கன் நோக்த்து'. பெரிய மார்ட் எல்லாவற்றிலும் உண்டு. கொண்டைக்கடலைக்கு 'ப்யொங்அரி கோங்' என்று பெயர், கோழிக்குஞ்சுப் பயறு என்று அர்த்தம். ஒரு கடலையை எடுத்து மூக்கைப் பார், குஞ்சு மாதிரியே இருக்கும். எள்ளெண்ணெய் 'சம்கிரும்' என்று கிடைக்கும். ஆனால் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது, வாசம் தூக்கலாக இருக்கும். இட்லிப் பொடிக்கு ஊற்றினால் பொடியின் வாசமே போய்விடும். கீரை மசியலில் கடைசியாக அரை ஸ்பூன் விடு, அதற்குப் பரவாயில்லை. பொரிக்கிறதுக்கு 'ஸிகியோங்யு' என்று கேட்டு வாங்கு.

ஸோலில் குவாங்ஜாங் சந்தை என்று 1905-லிருந்து நடக்கிற சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே பாசிப்பயறை ஊறவைத்து, எந்திரக் கல்லில் அரைத்து, எண்ணெய் நிறைய ஊற்றி வட்டமாகச் சுட்டுப் போடுகிறார்கள். 'பிந்தெத்தொக்' என்று பெயர். முதல் தடவை பார்த்தபோது நம் அடைதான் என்று கண் கலங்கிவிட்டது. ஆனால் பல கடைகளில் பன்றிக்கறி கலப்பார்கள். 'கோகி ப்பேகோ ஜுஸெயோ', கறியில்லாமல் குடுங்க என்று சொல்லிக் கேட்டுப் பார்.

கறி என்றதும் உன் அத்தை ஞாபகம் வருகிறார். சைவம், முட்டைகூடத் தொட மாட்டார் என்று எழுதியிருந்தாய். அவரோடு கடைக்குப் போனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஒவ்வாமைக்காக ஒரு சட்டம் இருக்கிறது. முட்டை, பால், இறால், நண்டு, கணவாய், கோழி, பன்றி, மாடு என்று ஒரு பட்டியலில் உள்ள எது கலந்திருந்தாலும், உட்பொருள் பட்டியலுக்குப் பக்கத்தில் வேறு நிறக் கட்டத்தில் எழுதியே ஆகவேண்டும். கடைசியில் 'ஹம்யு' என்று முடியும், அடங்கியுள்ளது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் 'த்வெஜிகோகி' பன்றி, 'ஸ்வெகோகி' மாடு, 'தக்கோகி' கோழி, 'ஸெஉ' இறால். இந்த நாலையும் ஒரு அட்டையில் கொரிய எழுத்தில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள். காய்கறிப் படம் போட்ட நூடுல்ஸ் பாக்கெட்டில்கூட மாடு இருக்கும், பிஸ்கட்டில்கூடப் பார்த்துவிடு. ஒரு குறை, நெத்திலி அந்தப் பட்டியலில் கிடையாது. இங்கே சூப்புப் பொடியிலும் குழம்பிலும் நெத்திலிதான் அடிவாசம். அதற்கு 'மியொல்சி' என்று பெயர், அதை உட்பொருள் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். கிம்ச்சியில் மீன் சாறு, 'எக்ஜொத்', சேர்ப்பது வழக்கம். அத்தைக்குக் கிம்ச்சி வாங்கிக் கொடுத்துவிடாதே. நான் வீட்டில் போடுகிறேன், உப்பும் மிளகாய்த்தூளும் இஞ்சியும் பூண்டும் மட்டும். வரும்போது ஒரு டப்பா எடுத்துவருகிறேன்.

உங்கள் கோழிக் குழம்புக்கு ஒரு சொல். நாக்கு சுளுக்கிக்கொள்ளும், ஆனால் படித்து வைத்துக்கொள்: 'தக்பொக்கும்தாங்யோங்'. எலும்போடு துண்டு போட்ட கோழி. கடைசி 'யோங்' என்பது நம் 'க்கு', இன்னதுக்கு என்று. மீன் கடையில் எதற்கு என்று கேட்டால் 'ஜோரிம்யோங்' என்று சொல், குழம்பு மாதிரி வைப்பதற்குத் துண்டு போடுவார்கள். கழுவி அரிந்து தரச் சொல்ல 'ஸொன்ஜில்ஹெ ஜுஸெயோ'. கேட்காவிட்டால் தலையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 'மொரிதோ ஜுஸெயோ', தலையும் குடுங்க என்று முதலிலேயே சொல்லிவிடு.

மார்ட்டில் கல்லாப்பெட்டிதான் பயம் காட்டுகிற இடம். பின்னால் வரிசை நிற்கும். அந்தப் பெண் மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்பாள். முதல் கேள்வியில் 'போயின்த்து' என்ற சொல் காதில் விழுந்தால் பாயிண்ட் அட்டை இருக்கிறதா என்று அர்த்தம், 'ஒப்ஸொயோ' என்றுவிடு. 'போங்த்து' என்றால் பை வேண்டுமா. பெரிய கடைகளில் பிளாஸ்டிக் பை 2019-லிருந்து கிடையாது. காசு கொடுத்து 'ஜோங்னியாங்ஜெ போங்த்து' வாங்கலாம். அது உண்மையில் குப்பைப் பை. 1995-லிருந்து இங்கே வீட்டுக் குப்பையை அரசு குறித்த பையில் கட்டித்தான் வெளியே வைக்கவேண்டும். அதனால் சாமானை அதில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே பையில் குப்பையைப் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆனால் ஊருக்கு ஊர் பை வேறு, என் வீட்டுப் பையை நீ உல்சானில் வைக்க முடியாது. மூன்றாவது 'யொங்ஸுஜுங்', ரசீது. வேண்டாம் என்றால் 'க்வென்சனாயோ'. பரவாயில்லை என்று அர்த்தம், மரியாதையாக வேண்டாம் என்பதற்கும் அதுதான். முதல் ஆறு மாதம் எதைக் கேட்டாலும் 'நே', ஆமாம், என்று சொல்லிச் சொல்லி வீட்டில் பை குவிந்துவிட்டது. இன்னொன்று, பெரிய மார்ட்டுகள் மாதத்தில் இரண்டு நாள் மூடியிருக்கும். பல ஊர்களில் இரண்டாவது, நாலாவது ஞாயிறு. சில ஊர்களில் வார நாள். போன உடனே கேட்டு வைத்துக்கொள்.

இவ்வளவும் மார்ட்டுக்கு. ஆனால் மங்கை, நீ சந்தைக்குப் போகவேண்டும். மேலப்பாளையம் சந்தை கிழமைக் கணக்கு என்றால் இவர்கள் சந்தை தேதிக் கணக்கு, ஐந்து நாளைக்கு ஒரு தரம். ஸொங்னாமில் மொரான் சந்தை 4, 9 என்று முடிகிற தேதிகளில் கூடும், நான் ரயிலில் நேராகப் போவேன். நாம் கூறு கட்டி விற்பது போல இவர்கள் கூடையில் குவித்து வைப்பார்கள், 'ஹன் பகுனி' ஒரு கூடை. கீரை ஒரு கட்டு 'ஹன் தன்'. முட்டை ஒரு தட்டு 'ஹன் பான்', 30 இருக்கும். கறி ஒரு 'குன்' 600 கிராம், காய்க்குப் பெரும்பாலும் 400. அயலை மீனை ஒரு 'ஸொன்' என்று கேட்டால் இரண்டு வரும். ஸொன் என்றால் கை.

என் வீட்டுப் பக்கம், பல்தால்முன் கோட்டை வாசலருகே மொத்கோல் சந்தை. வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு காய்கறிக்காரம்மா முன்னால் நின்று, மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு முள்ளங்கியையும் ஒரு கட்டு வெங்காயத் தாளையும் காட்டி "இகோ ஜுஸெயோ" என்றேன். அவள் பஞ்சு உறைக்கு மேல் சிவப்பு ரப்பர் உறை போட்ட கையால் கறுப்புப் பையை உதறினாள். முள்ளங்கியைப் போட்டாள், தாளை ஒடித்துச் செருகினாள். காசை வாங்கிக்கொண்டு, என் முகத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு கைப்பிடி பச்சை மிளகாயை அள்ளிப் பைக்குள் போட்டாள். நான் கேட்கவில்லை. கணக்குத் தெரியாமல் போட்டுவிட்டாள், காசு குறைகிறது போல என்று பதறி மறுபடி பர்ஸைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து மூடிவிட்டாள். ஈர உறை, ஐஸ் மாதிரி இருந்தது. "தொம், தொம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அகராதியில் தேடினேன். வாங்கியதற்கு மேல் விலையில்லாமல் சேர்த்துக் கொடுப்பது என்று போட்டிருந்தது. கொசுறுடி மங்கை. பாளை மார்க்கெட்டில் நம் அம்மாக்களுக்குக் காய் நிறுத்துப் போட்டுவிட்டு, கேட்காமலே நாலு ஈர்க்குக் கறிவேப்பிலையைச் செருகுவாளே அந்தக் கிழவி, அதேதான். அன்றைக்கு மிளகாய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவளை 'இமோ' என்று கூப்பிடுகிறேன். அம்மாவின் உடன்பிறந்தவள், நம் சித்தி. சந்தையில் வயசான பெண்களை அப்படிக் கூப்பிடுவது வழக்கம். அவர்களும் உன்னை 'ஒன்னி', அக்கா என்பார்கள், வயசு பார்க்காமல். ஆண் கடைக்காரரென்றால் 'ஸஜாங்னிம்', முதலாளி. விலை குறைக்கச் சொல்ல 'க்கக்கா ஜுஸெயோ'. அது சந்தையில் செல்லும், மார்ட்டில் செல்லாது. ஆனால் என் பழக்கம் என்னவென்றால், கூடை கட்டி விற்கிற கிழவிகளிடம் விலை குறைக்கக் கேட்பதில்லை. 'மானி ஜுஸெயோ', நிறையப் போடுங்க என்று மட்டும் சொல்வேன். அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். கிளம்பும்போது 'ஸுகோஹாஸெயோ' என்று சொல்லிவிட்டு வா. பாடுபடுகிறீர்கள், நடத்துங்கள் என்கிற மாதிரி ஒரு சொல், கடையை விட்டுப் புறப்படுகிறவர்கள் சொல்வது.

போன வாரம் இமோவிடம் என் தோழி வரப்போகிறாள் என்று சொன்னேன். ஒரே ஊரா என்று கேட்டாள். ஒரே பெஞ்ச் என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன்.

சாமான் கட்டும்போது ஒன்று கவனி. கறிவேப்பிலைக் கன்று, பழம், மண்ணோடு எந்தச் செடியும் வேண்டாம், விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்கென்று எதுவும் கொண்டுவரத் தேவையில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. உடன்குடிக் கருப்பட்டி அரைக் கிலோ, இடமிருந்தால் ஒரு கிலோ. இமோவுக்கும் ஒரு வட்டு கொடுக்கவேண்டும்.

பயணத் தேதி தெரிந்ததும் உடனே எழுது. இன்சொன் விமான நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன்.

உன்
வடிவு